எக்செல்லில் சேர்த்த ஜப்பானியச் சொற்கள், ஆன்கியில் ஏறும் வழி: வாசகர் கேள்விகள்

கேள்வி: இரண்டு வருடமாக எக்செல்லில் 1,200 ஜப்பானியச் சொற்கள் சேர்த்திருக்கிறேன். அதை சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எளிய உரை) கோப்பாகச் சேமித்து, அட்டை அட்டையாகக் காட்டி மனப்பாடம் செய்ய உதவும் ஆன்கி மென்பொருளில் ஏற்றினால் ஜப்பானிய எழுத்து இருந்த இடமெல்லாம் கேள்விக்குறியாக வருகிறது. உழைப்பெல்லாம் போய்விட்டதா?

பதில்: போகவில்லை, பயப்படாதீர்கள். மூல எக்செல் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள். சேமிக்கும்போது வெறும் ‘சிஎஸ்வி’ என்று தேர்ந்தெடுத்தால், கணினியில் உள்ள பழைய எழுத்துக் குறியாக்கத்தில்தான் (எழுத்தை எண்ணாகச் சேமிக்கும் முறை) எக்செல் எழுதும். அந்தக் குறியாக்கத்தில் ஜப்பானிய எழுத்துக்கு இடமே இல்லாததால் ஒவ்வொரு எழுத்துக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிடுகிறது. ஆகவே அந்த சிஎஸ்வியில் இப்போது இருப்பது நிஜமாகவே கேள்விக்குறிதான், எதில் திறந்தாலும் அதிலிருந்து சொல் திரும்பி வராது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மூலக் கோப்பைத் திறந்து, சேமிக்கும் வகைகளில் ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்று தனியாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள், யூடிஎஃப்-8 என்பது எல்லா மொழி எழுத்துக்கும் இடம் தரும் குறியாக்கம். கூகுள் ஷீட்ஸில் இந்தத் தொல்லை இல்லை, பதிவிறக்கினால் யூடிஎஃப்-8 ஆகவே வரும். லிப்ரெ ஆபிஸ் சேமிக்கும்போது எந்தக் குறியாக்கம் என்று கேட்கும், யூடிஎஃப்-8 என்று சொல்லுங்கள்.

கேள்விக்குறி இல்லாமல் புரியாத குறிகளாகக் கொசகொசவென்று வந்தால் அது வேறு நிலைமை. அப்போது எழுத்து கெடவில்லை, திறக்கிற மென்பொருள்தான் தவறான குறியாக்கத்தில் படிக்கிறது. பாமினி, டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கங்களின் காலத்தில் தமிழ்க் கோப்பு அனுப்பி வாங்கியவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். ஷிஃப்ட்-ஜிஸ் என்ற பழைய குறியாக்கத்தில் பல காலம் இருந்த ஜப்பானியர்கள் இதற்கு ‘மோஜிபாக்கே’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். அப்படி யாராவது தந்த பழைய பட்டியல் கையில் இருந்தால் முதலில் யூடிஎஃப்-8க்கு மாற்றுங்கள், ஆன்கி எதிர்பார்ப்பது அதைத்தான்.

அப்புறம் ஒன்று. ஏற்றும் பொத்தானை அழுத்துவதற்கு முன் ஆன்கி சில வரிகளைக் காட்டும், பலர் அதைப் பார்ப்பதே இல்லை. பாருங்கள். ‘சொல், வாசிப்பு, பொருள்’ என்று நீங்கள் எழுதிய தலைப்பு வரி அங்கே தெரிந்தால் அதுவும் ஓர் அட்டையாகப் போய் உட்கார்ந்துவிடும், அதனால் அந்த வரியை நீக்கிவிட்டு ஏற்றுங்கள்.

கேள்வி: முதல் நெடுவரிசையில் ஹிராகானா (ஒலியைக் காட்டும் எழுத்து), அடுத்து காஞ்சி (சீனத்திலிருந்து வந்த எழுத்து), அடுத்து பொருள் என்று வைத்திருக்கிறேன். இரண்டாவது தடவை புதிய சொற்களை ஏற்றியபோது பழைய சில சொற்கள் மாறிப்போய்விட்டன. ‘பாலம்’ என்று படித்த அட்டையில் இப்போது ‘உணவுக் குச்சி’ என்று இருக்கிறது. ஏன்?

பதில்: இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதில் எனக்கு மிகவும் சந்தோஷம், ஏனென்றால் இதைத் தெரிந்துகொள்ளாமல் ஏற்றிவிட்டு மாதக்கணக்கில் படித்த பிறகு விழிப்பவர்கள்தான் அதிகம். ஷீட்டின் ஒவ்வொரு வரியும் ஆன்கிக்கு ஒரு ‘குறிப்பு’, அந்த வரியின் ஒவ்வொரு கட்டமும் ஒரு ‘ஃபீல்டு’; ஒரு குறிப்பின் அடையாளம் அதன் முதல் ஃபீல்டு. அதே வகைக் குறிப்பில் அதே முதல் ஃபீல்டு ஏற்கெனவே இருந்தால், ‘இது பழைய சொல்தான், திருத்தி அனுப்பியிருக்கிறார்கள்’ என்று எடுத்துக்கொண்டு மற்ற ஃபீல்டுகளைப் புதியதால் மாற்றி எழுதிவிடும். ‘ஹாஷி’ என்றால் பாலம், உணவு உண்ணும் குச்சி, ஓரம், மூன்றுமே. காஞ்சியில் மூன்றும் வேறு வேறு, ஹிராகானாவில் மூன்றும் ஒன்று. உங்கள் குச்சி வந்து பாலத்தை அழித்தது அப்படித்தான்.

சரி, காஞ்சியை முதலில் வைத்தால் தீர்ந்ததா? பெரும்பாலும் தீரும், முழுக்கத் தீராது. ‘ஒன்று’, ‘நாள்’ என்ற இரண்டு காஞ்சிகளைச் சேர்த்து எழுதினால் ‘இச்சினிச்சி’ என்று படித்து ‘ஒரு நாள்’ என்று பொருள் கொள்ளலாம், ‘ட்சுயிதாச்சி’ என்று படித்து ‘மாதத்தின் முதல் தேதி’ என்றும் கொள்ளலாம். எழுத்து அதேதான். அதனால் நான் யாருக்கும் சொல்வது, முதல் நெடுவரிசையைச் சொல்லுக்குக் கொடுக்காதீர்கள், ஓர் எண்ணுக்குக் கொடுங்கள். வெறும் 0001 என்று அடித்தால் எக்செல் முன்னால் உள்ள சுழியங்களை விழுங்கி 1 ஆக்கிவிடும், அதனால் ‘ஜ0001’ மாதிரி ஓர் எழுத்தோடு தொடங்குங்கள். ஒரு சொல்லுக்கு ஒருமுறை கொடுத்த எண்ணை அப்புறம் மாற்றவே கூடாது, சொல்லை நீக்கினாலும் அந்த எண்ணை வேறு சொல்லுக்குக் கொடுக்கக் கூடாது. அட்டையில் இந்த எண் தெரிய வேண்டியதில்லை, அட்டையில் எது எங்கே தெரிய வேண்டும் என்று சொல்லும் டெம்ப்ளேட்டில் அந்த ஃபீல்டைச் சேர்க்காமல் விட்டால் போதும்.

இதைச் செய்தவருக்கு ஒரு பெரிய வசதி கிடைக்கிறது. காஞ்சியில் பிழை இருந்தாலும் ஷீட்டில் திருத்தி மறுபடி ஏற்றலாம், எண்ணை வைத்துச் சரியான குறிப்பைக் கண்டுபிடித்துத் திருத்தும், இதுவரை படித்த கணக்கும் அப்படியே இருக்கும். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு: ஆன்கிக்கு உள்ளேயே நீங்கள் ஏதாவது திருத்தியிருந்தால், அடுத்த முறை ஷீட்டை ஏற்றும்போது அது போய்விடும். அதனால் திருத்துவது ஷீட்டிலா ஆன்கியிலா என்று முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். என் தேர்வு ஷீட், ஏனென்றால் ஆயிரம் சொற்களை ஒரே பார்வையில் பார்த்து ஒழுங்குபடுத்த அதைவிட வசதியான இடம் இல்லை.

கேள்வி: காஞ்சிக்கு மேல் சின்ன எழுத்தில் வாசிப்பு வருவதை ஷீட்டிலிருந்தே கொண்டுவர முடியுமா?

பதில்: முடியும். இந்தச் சின்ன எழுத்துக்கு ஃபுரிகானா என்று பெயர், அதற்கு ஆன்கியில் எளிமையான வழி இருக்கிறது: காஞ்சியை எழுதி, இடைவெளி விடாமல் அதன் பின்னால் சதுர அடைப்புக்குறிக்குள் ஹிராகானா வாசிப்பை எழுதுங்கள், டெம்ப்ளேட்டில் ஃபீல்டின் பெயருக்கு முன் ஃபுரிகானா வடிகட்டியைச் சேருங்கள். காஞ்சியும் வாசிப்பும் தனித்தனி நெடுவரிசையில் இருந்தால் ஷீட்டில் ஒரு சின்ன ஃபார்முலா போட்டு ஒட்டிவிடலாம். கவனிக்க வேண்டியது, ஒரு சொல்லின் நடுவிலோ வாக்கியத்தின் நடுவிலோ காஞ்சி வந்தால் அதற்கு முன் ஓர் இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் முன்னால் இருக்கும் ஹிராகானாவின் மேலும் வாசிப்பு ஏறிக்கொள்ளும். அந்த இடைவெளி அட்டையில் தெரியாது. ஜப்பானியக் கீபோர்டில் அடித்தால் வரும் அகலமான இடைவெளி இதற்கு உதவாது, சாதாரண இடைவெளிதான் வேண்டும்.

எக்செல்லிலேயே வாசிப்பை எடுத்துத் தரும் ‘ஃபோனெட்டிக்’ ஃபங்ஷன் ஒன்று உண்டு. ஆனால் நீங்கள் ஜப்பானிய உள்ளீட்டு முறையில் அந்தக் கட்டத்திலேயே தட்டச்சு செய்திருந்தால்தான் அது வேலை செய்யும், வேறெங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டிய சொல்லுக்குக் காஞ்சியையே திருப்பித் தந்துவிடும்.

கேள்வி: இதையெல்லாம் கைபேசியிலேயே செய்ய முடியுமா?

பதில்: படிப்பதைக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள், ஏற்றுவதைக் கணினியில் செய்து சிங்க் செய்யுங்கள். ஃபீல்டுகளைப் பொருத்துவதும் முன்பார்வையில் பிழை தேடுவதும் சின்னத் திரையில் சிரமம்.

கேள்வி: ஏற்கெனவே 900 அட்டைகளை ஆறு மாதமாகப் படித்துவிட்டேன், எண் எதுவும் கொடுக்கவில்லை, பொருளில் நிறையத் தப்பு இருக்கிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவா?

பதில்: ஐயோ, வேண்டாம். ஆறு மாத மறுபார்வைக் கணக்கு உங்கள் பட்டியலைவிட மதிப்பானது. முதலில் முழுத் தொகுப்பையும் எக்ஸ்போர்ட் செய்து ஒரு பிரதியை பத்திரமாக வையுங்கள். பிறகு குறிப்புகளை மட்டும் எளிய உரைக் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள், அப்போது தனித்த அடையாளத்தைச் சேர்க்கும் தெரிவை டிக் செய்ய மறக்காதீர்கள் (இது புதிய பதிப்புகளில் இருக்கிறது). ஒவ்வொரு குறிப்புக்கும் ஆன்கி தானாகவே வைத்திருக்கும் அடையாளக் குறி அந்தக் கோப்பில் ஒரு நெடுவரிசையாக வரும். அதை ஷீட்டில் திறந்து பொருளைத் திருத்தி, மறுபடி ஏற்றினால் அதே குறிப்புகள் திருந்தும், படித்த கணக்கு தொடாமல் இருக்கும். கோப்பின் தொடக்கத்தில் ஹாஷ் குறியோடு இருக்கும் சில வரிகள் எந்த நெடுவரிசை எது என்று ஆன்கிக்குச் சொல்பவை, அவற்றை அழிக்காதீர்கள்.

ஒரே ஓர் ஆபத்து. அந்த அடையாளக் குறிகளில் கூட்டல், சமன் போன்ற குறிகளும் வரும், சமன் குறியோடு தொடங்குவதை எக்செல் ஃபார்முலா என்று நினைத்துக் கெடுத்துவிடும். கோப்பை இரட்டைக் கிளிக் செய்து திறக்காமல், தரவு மெனு வழியாக இறக்கி எல்லா நெடுவரிசைகளையும் ‘டெக்ஸ்ட்’ வகையாக அறிவித்துவிட்டுத் திறங்கள். எதற்கும் இருக்கட்டும் என்று ஐந்து சொற்களை மட்டும் முதலில் திருத்தி ஏற்றிப் பாருங்கள், ஐந்தும் திருந்தி, புதிய அட்டை எதுவும் சேராமல் இருந்தால் மீதியைச் செய்யலாம்.

கேள்வி: புத்தகத்தில் பார்க்கும் காஞ்சியும் அட்டையில் வரும் காஞ்சியும் சில இடங்களில் கொஞ்சம் வேறாக இருக்கின்றனவே?

பதில்: கண் கூர்மையாக இருக்கிறது உங்களுக்கு. உலக மொழி எழுத்துகளுக்கெல்லாம் குறியீடு தரும் யூனிகோடில் சீன, ஜப்பானிய வடிவங்கள் பல ஒரே குறியீட்டைப் பகிர்ந்துகொள்கின்றன, எந்த வடிவம் தெரியும் என்பதை எழுத்துரு முடிவு செய்கிறது. ‘எலும்பு’ என்ற காஞ்சியில் இது நன்றாகத் தெரியும், மேல்பகுதியில் உள்ள சின்னக் கோணம் சீன வடிவத்தில் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். உங்கள் ஷீட்டில் எந்தப் பிழையும் இல்லை, அட்டையின் ஸ்டைல் பகுதியில் ஒரு ஜப்பானிய எழுத்துருவைக் குறிப்பிட்டால் சரியாகிவிடும். எழுதிப் பழகுகிறவர்கள் இதை உடனே செய்யுங்கள், தப்பான வடிவத்தில் கை பழகினால் மாற்றுவது கஷ்டம்.

கேள்வி: இணையத்தில் கிடைத்த 6,000 சொல் பட்டியலை மொத்தமாக ஏற்றலாமா? அதில் பொருளெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது, தமிழில் மாற்ற வேண்டுமா?

பதில்: ஏற்றுவதில் தவறில்லை, ஆன்கி எப்படியும் ஒரு நாளைக்கு 20 புதிய அட்டைகள் என்றுதான் இயல்பாகக் காட்டும், அந்த வேகத்தில் 6,000 முடிய 300 நாள். ஆனால் தினமும் 20 புதியது படிப்பவருக்குப் போகப்போக மறுபார்வை மட்டும் ஒரு நாளைக்குச் சுமார் 200 அட்டை சேரும். அதற்கு நேரம் இல்லாவிட்டால் எண்ணிக்கையைப் பத்தாகக் குறையுங்கள். இருபதில் தொடங்கிப் பாதியில் நின்றுபோவதைவிட அது எவ்வளவோ மேல்.

தமிழ்ப் பொருள் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: மாற்றுங்கள், ஆனால் ஒரே நாளில் 6,000த்தையும் மொழிபெயர்ப்புக் கருவியிடம் கொடுத்து மாற்றாதீர்கள், அந்த வாரம் படிக்கப்போகும் சொற்களுக்கு மட்டும் நீங்களே எழுதுங்கள். பொருளை உங்கள் மொழியில் யோசித்து எழுதும் அந்த ஒரு நிமிடத்திலேயே சொல் பாதி மனதில் நின்றுவிடும். தமிழ் நமக்குக் கொடுக்கும் வசதியும் பெரியது. ஆங்கிலப் பட்டியலில் மூத்த சகோதரன், இளைய சகோதரன் என்று இரண்டிரண்டு சொற்களால் விளக்கியிருப்பார்கள், நமக்கு அனி அண்ணன், அனே அக்கா, ஓதோதோ தம்பி, இமோதோ தங்கை, அவ்வளவுதான். ‘கிராகிரா’வுக்கு ஆங்கிலத்தில் ஒரு வரி விளக்கம் இருக்கும், நாம் ‘மினுமினு’ என்று எழுதிவிடலாம். ‘தோகிதோகி’ என்றால் நெஞ்சு படபடப்பது. இரட்டைக்கிளவி பேசிப் பழகிய நமக்கு அந்தப் பகுதி முழுக்கவே வீட்டுச் சொல் மாதிரி வரும்.

இன்னொன்று: ‘அகெரு’, ‘குரெரு’ இரண்டுக்கும் ஆங்கிலப் பட்டியலில் ஒரே சொல்தான் எழுதியிருக்கும், கொடுத்தல் என்று. எனக்கோ என்னைச் சேர்ந்தவருக்கோ ஒருவர் கொடுத்தால் குரெரு, நான் பிறருக்குக் கொடுத்தால் அகெரு. பழைய தமிழ் இலக்கணம் தன்மைக்கும் முன்னிலைக்கும் ‘தருதல்’, படர்க்கைக்கு ‘கொடுத்தல்’ என்று பிரித்தது. இரண்டும் அச்சாக ஒன்றல்ல, முன்னிலை விஷயத்தில் வேறுபடும், ஆனாலும் பொருள் கட்டத்தில் குரெருவுக்கு ‘(எனக்குத்) தருதல்’ என்றும் அகெருவுக்கு ‘(பிறருக்குக்) கொடுத்தல்’ என்றும் எழுதி வைத்தால் குழப்பம் வராது. இப்படிக் குறிப்பு எழுதும்போது அதற்கென்று ஷீட்டில் ஒரு தனி நெடுவரிசை வையுங்கள். பொருள் கட்டத்திலேயே எல்லாவற்றையும் திணித்தால் அட்டையைத் திருப்பிய ஒரு விநாடியில் கண் எதைத் தேடுவது என்று தெரியாமல் அலையும்.