புலம்பெயர்ந்த வியட்நாமியரின் நினைவுகளை எழுதி வைத்தால் போதாதா? குரலாக ஏன் பதிவு செய்கிறார்கள்?

எழுதலாம்தான். ஆனால் வியட்நாமிய மொழியில் தொனி, அதாவது குரலின் ஏற்ற இறக்கம், மாறினால் சொல்லே மாறிவிடும். வடக்கில் ஆறு தொனிகள். தெற்கத்திப் பேச்சில் இரண்டு ஒன்றாகி ஐந்துதான். ஆள் வடக்கே ஹனோய்ப் பக்கமா, தெற்கே சைகோன் பக்கமா என்பது வாயைத் திறந்ததுமே தெரிந்துவிடும். எழுத்து எல்லோருக்கும் ஒன்றுதான், அதில் இது பதிவாகாது.

அப்புறம், சொற்கள். 1975 ஏப்ரல் 30 அன்று தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் வடக்குப் படையிடம் வீழ்ந்த பிறகு வெளியேறியவர்கள் அன்றைய பேச்சையும் கூடவே கொண்டுபோனார்கள். விமான நிலையத்தை அவர்களில் முதியவர்கள் இன்னமும் 'ஃபி ட்ருவோங்' என்பார்கள். நாட்டுக்குள் இப்போது 'சன் பை'. அந்தத் தலைமுறையோடு இந்தப் பழைய சைகோன் பேச்சும் போய்விடும்.

படகில் தப்பியவர்களிடம் ஆவணம் என்று பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. மலேசியாவின் புலாவ் பிடோங் தீவு அகதி முகாமும் 1991இல் மூடப்பட்டுவிட்டது. ஆக, அங்கே வாழ்ந்தவர்களின் ஞாபகமே முக்கியச் சான்று.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் 2011 முதல் வியட்நாமிய அமெரிக்கர்களின் நினைவுகளைப் பதிவு செய்யும் ஒரு வாய்மொழி வரலாற்றுத் திட்டம் நடக்கிறது. பக்கத்திலேயே வியட்நாமியர் அதிகம் வாழும் லிட்டில் சைகோன் பகுதி இருப்பது வசதி. பேட்டி எடுப்பவர்களில் மாணவர்களும் உண்டு.

நீங்களே பதிவு செய்வதானால், "என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்காதீர்கள். "ராத்திரி படகில் என்ன சத்தம் கேட்டது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரத் தாமதமானால் குறுக்கே பேச வேண்டாம். அந்த மௌனத்தையும் வெட்டாமல் வையுங்கள். அந்தப் பதிவை யார் யார் கேட்கலாம் என்ற சம்மதத்தை முதலிலேயே வாங்கிவிடுங்கள்.