மேலே கார் ஹெட்லைட், கீழே டிரான்ஸ்ஃபார்மர்: இந்தப் பழைய இத்தாலிய விளக்கு யார் செய்தது?

நீங்கள் கேட்பது ‘தோயோ’. மிலானைச் சேர்ந்த காஸ்திலியோனி சகோதரர்கள், அக்கிலேயும் பியர் ஜாக்கோமோவும், ஃப்ளோஸ் நிறுவனத்துக்காக 1962-ல் வடிவமைத்தது. எதையுமே மூடி மறைக்கவில்லை பாருங்கள், எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும்: உச்சியில் நிஜமான கார் ஹெட்லைட், தண்டை ஒட்டி வயர் ஏறிப்போவதற்குத் தூண்டில் கழியில் நரம்பு கோக்க இருக்குமே, அதே வளையங்கள், அப்புறம் அடியில் டிரான்ஸ்ஃபார்மர் அப்படியே வெளியே தெரிய உட்கார்ந்திருக்கும், அதன் கனம்தான் விளக்கைச் சாயாமல் பிடித்து வைக்கிறது. திருகைத் தளர்த்தினால் உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். வெளிச்சம் கூரையில் பட்டுத்தான் அறைக்குள் இறங்கும், அதனால் படிக்க என்று வாங்காதீர்கள். பழசு கிடைத்தால், பிளக்கில் சொருகும் முன் எலக்ட்ரீஷியனிடம் வயரிங்கைக் காட்டிவிடுங்கள், பல்பு 300 வாட், நன்றாகச் சுடும்.