ஐந்தாயிரம் கூடக் கொடுத்தும்

கடிதம்:

வணக்கம். விசுவமடுவில் ஹாட்வெயார் கடை நடத்துகிறேன். காலை ஏழரைக்குத் திறந்து இரவு ஏழரைக்குப் பூட்டுவோம், ஞாயிறு லீவு. நான்கு பேர் நின்ற கடையில் இப்போது இருவர்தான். கடைசியாக விலகிய தம்பி, நான் கொடுத்ததிலும் ஐந்தாயிரம் ரூபாய் குறைவாகத் தரும் ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்திருக்கிறார். வெளிநாட்டுக் காசு எங்கள் பிள்ளைகளைச் சோம்பேறிகளாக்கிவிட்டது என்றே நினைக்கிறேன். உங்கள் கருத்து என்ன?

பதில்:

அன்புள்ள ஐயா,

சோம்பேறியென்றால் அந்தத் தம்பி வீட்டில் அல்லவா இருந்திருப்பார்? விடியமுன் எழுந்து சந்தியில் பஸ்ஸுக்கு நின்று, மணிக்கு இத்தனை உருப்படி என்று இலக்கு வைக்கும் இடத்துக்கு ஏன் போகிறார்?

இருபது வயதில் நான் வவுனியாவில் ஒரு மொத்த விற்பனைக் கடையில் வேலை செய்தேன். முதலாளியின் மேசை லாச்சிக்குள் ஒரு கொப்பி இருந்தது, ஆளுக்கொரு பக்கம். வாங்கிய அட்வான்ஸ், உடைந்த போத்தல், பிந்தி வந்த நாள் எல்லாம் சிவப்பு மையில் அதில் ஏறும், ஆனால் அதை நாங்கள் திறந்து பார்க்க முடியாது. 'வசூல் வரட்டும்' என்று பத்தாம் திகதிவரை இழுபட்டுக் கையில் வருவதுதான் சம்பளம். பிறகு நான் போன இடத்தில் சம்பளம் குறைவு. ஆனால் மாதக் கடைசி நாளில் சிட்டையோடு கிடைத்தது. எதைக் கழித்தார்கள் என்று தெரிந்துகொண்டே வீட்டுக்குப் போனேன்.

உங்கள் நேரக் கணக்கையும் பார்ப்போம். சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் விட்டாலும் நாளுக்கு 11, ஆறு நாளுக்கு 66. கடை, அலுவலக ஊழியர்களுக்கான 1954ஆம் ஆண்டுச் சட்டம் வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்கிறது. அதற்கு மேற்பட்டதற்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும், வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வும் கொடுக்க வேண்டும். அந்த 21 மணித்தியாலத்துக்குக் கணக்குப் போட்டால், நீங்கள் கூடக் கொடுத்த ஐந்தாயிரம் எங்கே நிற்கும்?

தொழிற்சாலை சொர்க்கமல்ல. ஒரு நாள் லீவு எடுத்தால் வரவுக் கொடுப்பனவை வெட்டும் இடங்கள் உண்டு. மேற்பார்வையாளரின் வாய்க்குப் பயந்து விலகியவர்களும் என் ஊரில் இருக்கிறார்கள். ஆயினும் நியமனக் கடிதம் உண்டு, ஈபிஎப் எனும் ஊழியர் சேமலாப நிதி உண்டு. மாப்பிள்ளை பார்க்க வருபவர்கூட இன்று 'ஈபிஎப் கட்டுறாங்களோ?' என்றுதான் முதலில் கேட்கிறார். சம்பளத்தில் முதலாளி 12, ஊழியர் 8, ஆக மாதம் 20 சதவீதம் தன் பெயரில் சேர்வதை இருபத்திரண்டு வயதுப் பிள்ளை கணக்கில் எடுக்காமல் இருக்குமா? எந்தக் கடையில் 'டேய்' என்று கூப்பிடுவார்கள், எங்கே மலசலகூடம் இல்லை என்பதெல்லாம் வட்ஸ்அப்பில் ஒரே இரவில் பரந்தன் வரை போய்விடுகிறது.

ஒருவரை வைத்திருந்தாலும் சேமலாப நிதி கட்டவேண்டும் என்பதே சட்டம். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இன்னும் கட்டத் தொடங்கவில்லையென்றால், புதிய ஆள் தேடுமுன் மிஞ்சியிருக்கும் அந்த இருவரின் பெயரையும் பதியுங்கள். பிந்தப் பிந்த நிலுவையோடு மேலதிகக் கட்டணமும் ஏறும்.