வெப்பக் கேமராவுக்குத் தப்பும் உடை: கேள்வி பதில்

கேள்வி: மலையேறுகிறவர்கள் வைத்திருக்கும் வெள்ளி நிற அவசரப் போர்வையைப் போர்த்திக்கொண்டால் போதுமா?

பதில்: உடம்பு மறையும், போர்வை தெரியும். தோலின் உமிழ்திறன், அதாவது தன் வெப்பத்தைக் கதிராக வெளிவிடும் திறன், ஏறக்குறைய 0.98 (உச்ச அளவு 1). பளபளக்கும் அலுமினியத்துக்கு 0.05 அளவுதான். ஆகவே அலுமினியப் பக்கத்தில் கேமரா பார்ப்பது பெரும்பாலும் எதிரொளிப்பு. ஒரு மடிப்பு தெளிந்த இரவு வானத்தைப் பார்த்துச் சாய்ந்தால் அந்த இடம் ஐஸ் மாதிரி குளிர்ந்ததாக, படத்தில் கறுத்து விழும். பக்கத்து மடிப்பு தரையின் சூட்டைக் காட்டும். ஆள் உயரத்துக்குக் கறுப்புத் திட்டுகள் தெரிந்தால் யார் கண்ணுக்கும் உறுத்தும்.

கேள்வி: அப்படியானால் கனமான கம்பளிக் கோட்டு?

பதில்: கொஞ்ச நேரம் தாங்கும். சும்மா உட்கார்ந்திருக்கும் உடலே 100 வாட் அளவு வெப்பம் விடுகிறது. நடந்தால் இரண்டு மூன்று மடங்கு. அது எங்கேயாவது வெளியேறியே தீரும். துணி உடம்போடு ஒட்டும் தோள், முழங்கை, முழங்கால் முதலில் சூடாகும். கழுத்திலும் மணிக்கட்டிலும் சூடான காற்று கசியும். எல்லாவற்றையும் இறுக அடைத்தால் வியர்த்து மயக்கம் வரும், அது ஆபத்து. உடம்பில் படாமல் தொங்கும் எதுவும் கோட்டைவிட மேல். மேலிருந்து பார்க்கும் கேமராவுக்குச் சாதாரணக் குடையே நன்றாக வேலை செய்யும்!

கேள்வி: கறுப்புக் குப்பைப் பை?

பதில்: வேண்டாம். வெப்பக் கேமரா பார்ப்பது 8 முதல் 14 மைக்ரான் வரை அலைநீளமுள்ள கதிர்களை; மெல்லிய பாலித்தீன் அவற்றை ஊடுருவ விட்டுவிடும். பைக்குள் கையை விட்டுப் பாருங்கள், ஐந்து விரலும் தெரியும். கண்ணாடி இதற்கு நேர் எதிர், அந்தக் கதிர்களைத் தடுத்துவிடும்: மூக்குக்கண்ணாடி போட்ட முகத்தில் கண் இருக்கும் இடம் கறுப்பாக இருக்கும்.

கேள்வி: மாலையில் சரியாக ஒன்றிப்போன துணி நள்ளிரவில் ஏன் பளிச்சென்று தெரிகிறது?

பதில்: துணி மாறவில்லை, பின்னணி மாறியிருக்கிறது. பாறை மெல்லத்தான் ஆறும்; புல் சட்டென்று ஆறிவிடும். பொருள்களின் வெப்பநிலைகள் ஒன்றையொன்று கடக்கும் நேரம் பெரும்பாலும் காலையும் மாலையும்தான். நல்ல கேமரா 0.05 டிகிரி வித்தியாசத்தையே பிரித்துக் காட்டும்.

கேள்வி: சோதிப்பது எப்படி?

பதில்: உடுத்தி 20 நிமிடம் கழித்துப் பாருங்கள், உடனே பார்த்தால் எல்லாத் துணியும் வெற்றிதான். கேமராவின் தானியங்கி வெப்ப எல்லையைப் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் படத்துக்குப் படம் நிறம் மாறி ஏமாற்றும். அலுமினியப் படலத்தின் வெப்பநிலையை நேரடியாக அளக்காதீர்கள். மேலே ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டி, கேமராவில் உமிழ்திறனை 0.95 என்று வைத்து, டேப்பின் மேல் அளவெடுங்கள்.