கொண்டோ அறைக்கு 1,500 வெள்ளிக்குள் எந்த பவர் ரேக் வாங்கலாம்? ஸ்குவாட் ஸ்டாண்ட் போதுமா?

நீங்கள் சொன்னதைச் சுருக்கினால்: கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் கொண்டோ (அடுக்குமாடி வீடு), பத்தடிக்கு ஒன்பதடி அறை, ரேக்குக்கு மட்டும் 1,500 வெள்ளி (ரிங்கிட்). கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வாங்கிய ஆறடி பாரும் (எடை மாட்டித் தூக்கும் கம்பி) எடைத் தட்டுகளும் ஏற்கெனவே இருக்கின்றன. பக்கத்தில் ஆள் இல்லாமல் தனியாகத் தூக்கப் போகிறீர்கள். ஷாப்பி இணையக் கடையில் பார்த்தால் எல்லா ரேக்கும் ஒரே மாதிரி, விலை மட்டும் எங்கெங்கோ இருக்கிறது.

இரண்டு தூண் மட்டும் உள்ள ஸ்குவாட் ஸ்டாண்ட் போதாது. நான்கு தூண் உள்ள பவர் ரேக்கே வாங்குங்கள். தனியாக பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் படுத்துப் பாரை நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது) செய்கிறவருக்கு, பார் நெஞ்சில் இறங்கி மேலே போக மாட்டேன் என்று நின்றுவிட்டால், குறுக்கே இருக்கும் அந்த இரண்டு சேஃப்டி கம்பிகள்தான் துணை. அந்த இரண்டு கம்பிகளுக்காகத்தான் ரேக் வாங்குகிறோம், மற்ற இரும்பெல்லாம் அவற்றைச் சரியான உயரத்தில் பிடித்து வைக்கத்தான் என்று நினைத்துக்கொண்டு தேடினால் பாதிக் குழப்பம் போய்விடும். மலிவு ஸ்டாண்டுகளிலும் சேஃப்டி உண்டு, ஆனால் பலவற்றில் அது ஒரு முனையில் மட்டும் மாட்டப்பட்டு மறுமுனை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கை. நூறு கிலோ பார் அரையடி உயரத்திலிருந்து விழுந்தால் அந்தக் கைக்கு வரும் அடி நூறு கிலோவோடு நிற்காது, அதைப் போலப் பல மடங்கு. இரண்டு பக்கமும் தூணில் ஊடுருவி நிற்கும் கம்பி அதைத் தாங்கும் விதமே வேறு.

அடுத்து, பொருள் விவரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் “500 கிலோ தாங்கும்”, “700 கிலோ தாங்கும்” வகையறா. அதைப் பார்க்கவே பார்க்காதீர்கள். ஆடாமல் வைத்த எடையா, விழுகிற எடையா, பாரை மாட்டி வைக்கும் ஹூக்கிலா, சேஃப்டியிலா, எதையும் சொல்ல மாட்டார்கள். அதற்குப் பதிலாக ரேக்கின் சொந்த எடையைப் பாருங்கள். இரும்பின் எடையில் ஏமாற்றுவது கஷ்டம். 50×50 மி.மீ. சதுரக் குழாய், தகடு 1.5 மி.மீ. என்றால் மீட்டருக்கு இரண்டேகால் கிலோ போல வரும். 2 மி.மீ. என்றால் ஏறக்குறைய மூன்று கிலோ, 3 மி.மீ. என்றால் நான்கேகாலுக்குக் குறையாது. 2.1 மீட்டர் தூண் நான்கு என்றால் அதுவே எட்டரை மீட்டர் கிட்டே. அடிச்சட்டம், மேல்சட்டம், குறுக்குச் சட்டம் எல்லாம் சேர்ந்தால் சாதாரண ரேக்குக்குப் பதினாறு, பதினேழு மீட்டர் குழாய் போகும். ஆக 1.5 மி.மீ. ரேக் நாற்பது கிலோவுக்குள் நிற்கும், 2 மி.மீ. ஐம்பதைத் தொடும், 3 மி.மீ. என்றால் எழுபதைத் தாண்ட வேண்டும். “3 மி.மீ. ஹெவி டியூட்டி” என்று எழுதிவிட்டுக் கீழே பெட்டியோடு எடை 42 கிலோ என்று போட்டிருந்தால் ஒன்று பொய், எது பொய் என்று உங்களுக்கே தெரியும். சிலர் மி.மீ. போடாமல் கேஜ் போடுவார்கள், அதில் எண் கூடக் கூடத் தகடு மெலிசு. 11 கேஜ் சுமார் 3 மி.மீ., 14 கேஜ் 2 மி.மீ.க்கும் சற்றுக் குறைவு.

நான் வாங்கும்போது ஒரு விற்பனையாளரிடம் தகடு எவ்வளவு மி.மீ. என்று கேட்டேன். “திக் பாஸ், வெரி திக்” என்று பதில் வந்தது. அப்புறம் தூணில் உள்ள துளையைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன், துளையின் விளிம்பிலேயே தகட்டின் கனம் தெரிந்துவிடும், வெர்னியர் காலிப்பரைப் பக்கத்தில் வைத்து எடுத்தால் இன்னும் நல்லது. அதற்குப் பிறகு அந்தப் பக்கமிருந்து சத்தமே இல்லை. இன்னொருவர் அளந்து படம் அனுப்பினார், 2 மி.மீ., அவரிடம்தான் வாங்கினேன்.

2 மி.மீ. போதுமா என்றால், 140, 150 கிலோவுக்குள் ஸ்குவாட் (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) செய்கிறவருக்குப் போதும் என்பது என் கருத்து. 75×75, 3 மி.மீ. கேட்டால் கிடைக்கும், ஆனால் உங்கள் பட்ஜெட்டுக்குள் புதிதாகக் கிடைப்பது சந்தேகம். மெலிந்த ரேக் உடைவதற்கு முன் ஆடும், அந்த ஆட்டம்தான் எரிச்சல். 60×60, 2 மி.மீ. அகப்பட்டால் யோசிக்காமல் எடுங்கள். நடுவில் இரண்டு துண்டாக வெட்டி போல்ட் போட்டு ஒட்டுகிற தூண் மட்டும் வேண்டாம். லாரிக்கும் லிஃப்டுக்கும் வசதிதான், ஆனால் ஆட்டம் அந்த ஒட்டிலிருந்தே தொடங்கும்.

துளை இடைவெளியை யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டியது அதைத்தான். பெஞ்சில் படுத்து முதுகை வளைத்து நெஞ்சை உயர்த்தி வைக்கும்போது பார் நெஞ்சைத் தொட வேண்டும், அந்த நிலையில் சேஃப்டி கம்பி பாருக்கு ஒரு விரற்கடை கீழே இருக்க வேண்டும். தூக்க முடியாமல் போனால் முதுகைத் தளர்த்தி நெஞ்சை இறக்குவீர்கள், பார் கம்பியில் உட்கார்ந்துவிடும், நீங்கள் நழுவி வெளியே வந்துவிடலாம். துளைகள் ஐந்து செ.மீ. இடைவெளியில் இருந்தால் இந்த உயரம் ஏறக்குறைய அமையும். நெஞ்சு உயரப் பகுதியில் மட்டும் ஓர் அங்குலத்துக்கு ஒரு துளை போட்டிருந்தால் பிரமாதம். பத்து செ.மீ. இடைவெளி என்றால் ஒரு துளையில் கம்பி நெஞ்சுக்கு மேலே நின்று பாரை இறங்கவே விடாது, அடுத்த துளையில் கழுத்துக்கும் கீழே போய்விடும், அப்புறம் அது இருந்தும் பயனில்லை. அப்படிப்பட்ட ரேக் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறவர்கள் பெஞ்சின் காலுக்கடியில் பிளைவுட் வைத்து உயரத்தைச் சரிக்கட்டலாம். எனக்கே ஒரு சாயங்காலம் 85 கிலோ பாதி வழியில் நின்றுவிட்டது. முதுகைத் தளர்த்தினேன், பார் டங்கென்று கம்பியில் உட்கார்ந்தது. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார், அவ்வளவுதான்.

உங்கள் ஆறடி பாரைப் பற்றிச் சொல்ல வேண்டும், காசு வீணாக வாய்ப்புள்ள இடம் அதுதான். முழு அளவு ஒலிம்பிக் பார் 2.2 மீட்டர் நீளம், 20 கிலோ, தட்டு மாட்டும் இரண்டு தடித்த முனைகளுக்கு நடுவில் 131 செ.மீ. பெரும்பாலான ரேக்குகள் இதை மனதில் வைத்துத்தான் செய்யப்படுகின்றன. ஆறடி பார்களில் இந்த நடு இடைவெளி ஆளுக்கு ஒரு மாதிரி. டேப்பை எடுத்து உங்கள் பாரில் அளந்துகொள்ளுங்கள், ரேக்கின் வெளி அகலம், ஹூக்கையும் சேர்த்து, அதைவிட ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று செ.மீ.யாவது குறைவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பார் ஹூக்கில் உட்காராது, அல்லது உட்கார்ந்தாலும் ஒவ்வொரு முறை வைக்கும்போதும் தட்டு தூணில் இடிக்கும். முழு நீள பார் வாங்கினால் பத்தடிச் சுவரை ஒட்டி, அதாவது 305 செ.மீ. பக்கமாக வைத்தால், இரு பக்கமும் நாற்பது செ.மீ. சொச்சம் மிஞ்சும். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பித் தட்டு மாட்ட அது போதும். ஒன்பதடிப் பக்கம் வேண்டாம்.

மேலே காற்றாடி இருக்கிறதா? கொண்டோவில் கூரை பொதுவாக 2.8 மீட்டர் வாக்கில் இருக்கும், காற்றாடியின் இறக்கை அதிலிருந்து ஓரடி கீழே வரும். நீங்கள் 175 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம், நின்றபடி பாரைத் தலைக்கு மேலே தள்ளும் ஓவர்ஹெட் பிரஸ் முடிக்கும்போது பார் 2.1 மீட்டர் உயரத்தில் நிற்கும், பெரிய தட்டின் விட்டம் 45 செ.மீ. என்பதால் அதன் மேல் விளிம்பு 2.3 மீட்டரைத் தாண்டும். மீதி எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். காற்றாடியைக் கழற்றிவிட்டுச் சுவர் ஃபேன் மாட்டுங்கள், வீட்டில் சம்மதிக்கவில்லை என்றால் பிரஸ்ஸை உட்கார்ந்து செய்யுங்கள். புல்-அப் செய்கிற ஆள் என்றால் மேல் கம்பிக்கும் கூரைக்கும் நடுவில் தலை போக இடம் இருக்கிறதா என்றும் அளக்க வேண்டும்.

தளம் தாங்குமா என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். வீடுகளின் தளத்தைச் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்ற கணக்கில்தான் வழக்கமாக வடிவமைப்பார்கள். ரேக், பார், தட்டுகள், நீங்கள் எல்லாம் சேர்ந்து முந்நூறு கிலோ என்றாலும் அது மூன்று நான்கு சதுர மீட்டரில் பரவுகிறது, ஆகவே வைத்துத் தூக்குவதால் ஒன்றும் ஆகாது. தரையிலிருந்து பாரைத் தூக்கும் டெட்லிஃப்டில் பாரைக் கீழே போடுவதுதான் பிரச்சினை, அதிலும் முதலில் வருவது விரிசலை விடக் கீழ்வீட்டுக்காரர்தான். அடியில் பிளைவுட், மேலே இரண்டு செ.மீ. கனத்தில் ரப்பர் பாய், பாரைக் கையோடு இறக்கி வைப்பது, ராத்திரி பத்து மணிக்கு மேல் டெட்லிஃப்ட் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வினைல் தரை என்றால் ரப்பரை நேராகப் போடாதீர்கள், கறை பிடிக்கும், போகாது. தளத்தில் துளை போட்டு ரேக்கை ஆணியடிக்கும் எண்ணம் இருந்தால் முதலில் நிர்வாக அலுவலகத்தைக் கேளுங்கள். 2013 அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் உங்கள் கொண்டோவுக்கென்று விதிகள் இருக்கும். துளை இல்லாமலே சமாளிக்கலாம், பின்பக்க அடிச்சட்டத்தில் பயன்படுத்தாத தட்டுகளை அடுக்கி வைத்தால் புல்-அப்பில் முன்னால் சாயாது. சுவரில் மடக்கி வைக்கும் ரேக்கும் விற்கிறார்கள், இடம் மிச்சம்தான், ஆனால் கொண்டோ அறைத் தடுப்புச் சுவர் எல்லாம் அதைத் தாங்கும் கான்கிரீட் என்று நம்ப மாட்டேன்.

பின்னால் கப்பி, கேபிள், லாட் புல்டவுன் எல்லாம் வைத்து அதே விலைக்குக் கொடுக்கிறார்கள் என்றால் அந்தக் காசு தூணிலிருந்துதான் எடுக்கப்பட்டிருக்கும். பிளாஸ்டிக் கப்பி கரகரவென்று இழுக்கும், பிறகு துணி காயப்போடத்தான் உதவும். ஹூக்கில் பார் உட்காரும் இடத்தில் தடித்த பிளாஸ்டிக் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், வெறும் இரும்பு என்றால் பாரின் சொரசொரப்பைத் தின்றுவிடும்.

சிலர் வெல்டிங் பட்டறையில் செய்து வாங்கச் சொல்வார்கள். செகாம்புட், ஜிஞ்சாங் பக்கம் பட்டறைகளுக்குக் குறைவில்லை, ஹாலோ எனப்படும் சதுரக் குழாய் ஆறு மீட்டர் நீளமாக வரும், தூணை இரண்டு மீட்டருக்கு ஒரு முடி குறைவாக வெட்டினால் ஒரு குழாய்க்கு மூன்று தூண், கழிவே இல்லை. 3 மி.மீ. இரும்பே போடலாம். ஆனால் துளைகள் நான்கு தூணிலும் ஒரே உயரத்தில் விழ வேண்டும், பட்டறை அண்ணன் டேப்பும் சாக்பீஸுமாக அளந்து துளைத்தால் பார் ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கும். நான்கையும் சேர்த்துக் கட்டி ஒரே அச்சு வைத்துத் துளைக்கிறவர் என்றால் துணிந்து கொடுங்கள். இல்லையென்றால் ஷாப்பியே மேல்.

நான் செந்தூலில் டெரஸ் வீட்டில் போர்ச்சில் வைத்திருக்கிறேன், உங்களுக்கு அந்தத் தலைவலி இல்லை. போர்ச் தரை தண்ணீர் ஓடச் சாய்வாகப் போடப்பட்டது, ரசமட்டம் வைத்து ஒரு பக்கக் காலுக்குத் தகடு கொடுத்துத்தான் ரேக்கை நிமிர்த்தினேன். பெட்ரூமில் வைத்தாலும் நம் ஊர் ஈரப்பதத்தில் பெயின்ட் உரிந்த இடத்தில் துரு வரும், ஹூக் உரசும் இடம்தான் முதலில். தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு மாதத்துக்கு ஒரு தடவை துடைத்தால் போதும், பாருக்கும் அதேதான்.

பெட்டி வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுங்கள், போல்ட் ஒன்று குறைந்தாலும் அதை வைத்துத்தான் பேச முடியும். பூட்டும்போது எல்லா நட்டையும் கையால் மட்டும் திருகி நிறுத்துங்கள், ரேக்கைச் சமதளத்தில் வைத்து, பாரை ஹூக்கில் போட்டுப் பார்த்து, அப்புறம் ஸ்பேனரால் இறுக்குங்கள். முதலிலேயே இறுக்கிக்கொண்டு போனால் கடைசித் துளை சேராது. முதல் வாரம் தூக்கிய பிறகு ஒரு சுற்று மறுபடி இறுக்க வேண்டியிருக்கும்.

முடா என்ற இணைய விளம்பரத் தளத்திலும் ஃபேஸ்புக்கிலும் பழையதும் தேடுங்கள். 2020 மார்ச்சில் ஜிம் எல்லாம் மூடியபோது வாங்கி, பிறகு தொடாமலே விட்டவர்கள் நிறைய, உங்கள் காசுக்கு 3 மி.மீ. ரேக் கிடைக்கிற வழி அநேகமாக அதுதான். நேரில் போகும்போது டேப், ஒரு டார்ச், முடிந்தால் உங்கள் பார் மூன்றையும் கொண்டு போங்கள். அடிச்சட்டத்தின் முனை மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தால் துரு எவ்வளவு என்று தெரியும், வெல்டு ஓரங்களில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள், சேஃப்டி கம்பி வளைந்திருக்கிறதா என்று தரையில் உருட்டிப் பாருங்கள். கம்பி வளைந்திருந்தால் பேரம் பேசாமல் வந்துவிடுங்கள். லாரி கூலியைச் சேர்த்துக் கணக்குப் போட மறக்காதீர்கள்.