அரத்தில் செய்த உளி: வாய் ஏன் உதிர்கிறது?

தேவகோட்டை வாசகர் ஒருவரின் கேள்வி: தாத்தா வீட்டு வாசல் நிலையில் தாமரை இதழ்கள் சில பெயர்ந்துவிட்டன. தேக்கில் புதிதாகச் செதுக்கிப் பொருத்த நினைக்கிறேன். கடை உளி எதுவும் அந்த வளைவுக்கு ஒத்துவரவில்லை. தேய்ந்த அரத்தைக் காய்ச்சி, தேய்த்து, தண்ணீரில் முக்கி நானே ஓர் உளி செய்தேன். நாலு தட்டிலேயே வாய் பொடிப்பொடியாக உதிர்கிறது. அரம் மட்டமா?

அரத்தைத் திட்டாதீர்கள். நீங்கள் பாதி வேலையில் நிறுத்திவிட்டீர்கள். நல்ல அரம் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் கரி சேர்ந்த எஃகு. சிவக்கக் காய்ச்சித் துவைச்சல் போட்டால், அதாவது சட்டென்று முக்கிக் குளிரவைத்தால், கண்ணாடி போல இறுகும். கண்ணாடி போலவே உடையும். மறுபடி லேசான சூடு காட்டிப் பதப்படுத்தினால்தான் அது உளி.

இப்படிச் செய்யுங்கள். உதிர்ந்த வாயைச் சாணையில் தேய்த்து நீக்குங்கள். மயிரிழை விரிசல் தெரிந்தால் அந்த இரும்பை விட்டுவிடுங்கள். அரத்தின் பல் தடம் மிச்சமிருந்தாலும் ஆபத்து, விரிசல் அங்கேதான் தொடங்கும். விரிசல் இல்லையா, சரி, உப்புத்தாளில் வெள்ளையாகப் பளபளக்கத் தேயுங்கள். அப்புறம் வாயை விட்டுவிட்டு, காம்புப் பக்கம் அடுப்பில் காட்டுங்கள். வெளிர் மஞ்சள், வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறங்கள் வரிசையாக வாயை நோக்கி ஊர்ந்து வரும். வைக்கோல் நிறம் வாயைத் தொட்டதும் தண்ணீரில் போடுங்கள். அது ஏறக்குறைய 230 டிகிரி. நீலம் வாய்வரை வந்துவிட்டால் உளி மழுங்கல்தான். துவைச்சலிலிருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டும். பதற்றத்தில் நானும் இரண்டு உளிகளை நீலமாக்கியிருக்கிறேன்.

புதிதாகத் துவைச்சல் போடுவதானால் காந்தம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 770 டிகிரியில் இரும்பைக் காந்தம் பிடிக்காது. அதற்குச் சற்று மேல் போய், வெதுவெதுப்பான கடலை எண்ணெயில் முக்குங்கள். மெல்லிய உளிக்குத் தண்ணீரைவிட அதுதான் பத்திரம். தகர டப்பாவும் மூடியும் அவசியம், எண்ணெய் தீப்பிடிக்கும். ஆறியபின் நல்ல அரத்தால் உரசிப் பாருங்கள். வழுக்கினால் துவைச்சல் ஏறிவிட்டது.

வளைவுக்கு வருவோம். மிச்சமிருக்கும் இதழில் ஈரக்களிமண்ணை அழுத்தி அச்செடுத்து, அதைப் பார்த்து அட்டை வெட்டுங்கள். உளியின் வளைவு இதழின் குழியைவிட ஒரு மயிரளவு குறுகலாக இருக்கட்டும். அகலமாக இருந்தால் இரண்டு மூலைகளும் மரத்தைக் கீறும். இந்தக் குழிவைத் துவைச்சலுக்கு முன்பே, அரத்தைச் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து, ஓர் இரவு ஆறவிட்டு, வட்ட அரத்தால் எடுத்துவிட வேண்டும்.

உளி வாயின் சாய்வு 25 டிகிரிக்குக் குறைய வேண்டாம். தேக்கில் மணற்சத்து உண்டு, கூர்மையைச் சீக்கிரம் தின்றுவிடும். புளியங்கட்டையில் பிடி போட்டு, பித்தளைப் பூண் மாட்டுங்கள். முதல் இதழை நிலையில் வைக்கும் மரத்தில் தொடங்காதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் உடைந்த தேக்குத் துண்டு கேட்டுப் பாருங்கள், கை பழக அது போதும்.