நாட்டுக்கோழிக் குஞ்சில் சேவல், பெட்டை பார்ப்பது எப்படி?

வேலூர் பக்கம் பொய்கைச் சந்தையில் வாங்கும் குஞ்சுகள் பாதிக்கு மேல் சேவலாகிவிடுகின்றன, முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரு நாள் குஞ்சில் நம்மால் முடியாது. பொரிப்பகங்களில் ஆசனவாயை விரித்துப் பார்ப்பார்கள். அதற்குப் பயிற்சி வேண்டும், தெரியாமல் அமுக்கினால் குஞ்சு செத்துப்போகும். இறக்கைச் சிறகின் நீளத்தைப் பார்ப்பதும் அதற்கென்றே உருவாக்கிய ரகங்களில்தான் செல்லும். கூர்முனை முட்டையில் சேவல் வரும் என்பதெல்லாம் சும்மா.

விலை கூடினாலும் ஆறேழு வாரக் குஞ்சாக வாங்குங்கள். ஒரே வயதுக் குஞ்சுகளைப் பக்கத்துப் பக்கத்தில் விட்டுப் பாருங்கள். சேவலுக்குக் கொண்டை பெரிதாகிச் சிவக்கத் தொடங்கியிருக்கும், கால் தடித்திருக்கும். பெட்டையின் கொண்டை சின்னதாக, வெளிறியே இருக்கும். ஆனால் முதுகில் சிறகு சீக்கிரம் மூடிவிடும். சேவல் கொஞ்ச நாள் முதுகு மொட்டையாகத் திரியும். அசீல் சாதிக்குக் கொண்டையே சிறியது, அதனால் காலைத்தான் கவனிக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் வாலடிச் சிறகு கூர்மையாகப் பளபளத்தால் சேவல். நுனி உருண்டிருந்தால் பெட்டை.

ஆட்டுக்குட்டி என்றால் பிறந்த அன்றே தெரியும். வாலைத் தூக்குங்கள், இரண்டு துளை இருந்தால் பெட்டை. காம்பை மட்டும் நம்பாதீர்கள், அது கிடாவுக்கும் உண்டு.